நாற்பதாவது பெயர்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் திருவிருந்து மேசைத் துணி காயாது. ஜெபக்கனி சனிக்கிழமை விடிந்ததும் அதைத் துவைத்து, சபைக் கூடத்து மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாற்காலிகளின் முதுகில் விரித்துப் போடுவாள். ஞாயிறு காலையில் தொட்டுப் பார்த்தால் ஓரத்தில் ஈரம் அப்படியே இருக்கும். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் ஆவியோடு புழுங்கிய முக்கல் வாடை எழும். இருபத்திரண்டு வருஷமாக ஆனியிலும் ஆடியிலும் இதே கதைதான்.

கூடம் மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஒரு டைல்ஸ் கடையின் மாடி. அவள் புருஷன் ஞானாபரணம் அங்கே பாஸ்டர். கூடத்துக்குப் பின்னால் தகரம் போட்ட இரண்டு அறைகளில் குடித்தனம். மழை கனத்தால் தகரத்தின் சத்தத்தில் பாஸ்டரின் பிரசங்கம் கேட்காது. அதை நல்லது என்று சொல்கிறவர்களும் சபையில் உண்டு.

சீசன் வந்தால் சபை பாதியாகிவிடும். அருவிக்கரையில் துண்டு விற்கிறவர்கள், சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவுகிற பெண்கள், லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவர்கள், பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர்கள் என்று எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் முதுகு ஒடிகிற நாள். ஜெபக்கனி அதற்காகக் கவலைப்பட்டதில்லை. ஆவணி பிறந்து கூட்டம் வடிந்தால், ஈரத்தில் வெளுத்த கால் விரல்களோடு ஒவ்வொருத்தராக மாடிப்படி ஏறி வந்துவிடுவார்கள். ஏன் வரவில்லை என்று அவளும் கேட்கமாட்டாள். அவர்களும் சொல்லமாட்டார்கள்.

இந்த வருஷம் மே மாதம் திருநெல்வேலி தலைமைச் சபையிலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் மாதத்துக்குள் நிலையான அங்கத்தினர் நாற்பது பேரைக் காட்டாத கிளைகள் பக்கத்துக் கிளையோடு சேர்க்கப்படும். மேலகரம் செங்கோட்டையோடு சேரும். ஞானாபரணம் அங்கே உதவி ஊழியராக இருக்கலாம். அவருக்கு அறுபத்தொன்று முடிந்திருந்தது. செங்கோட்டையில் இருப்பவர் முப்பத்தைந்து வயதுப் பையன். மேடையில் தாவிக் குதித்துப் பாடுவான்.

"கர்த்தர் சித்தம்," என்றார் ஞானாபரணம்.

"கர்த்தர் சித்தம்னு சொல்லிட்டு நீங்க கவுந்து படுத்துக்கிடுவீங்க. அங்கன போயி அந்தப் பயலுக்கு மைக்கு புடிக்கப் போறீங்களா?" என்றாள் ஜெபக்கனி.

மகன் செல்வின் அப்போது வீட்டில்தான் இருந்தான். சென்னையில் மூன்று வருஷம் இரவு வேலை பார்த்துவிட்டு ஏப்ரலில் விட்டுவிட்டு வந்தவன். என்ன வேலை என்று அவள் கேட்டதற்கு ஒருமுறை சொல்லியிருந்தான்.

"அமெரிக்காக்காரன் எனக்குக் கேபிள் கனெக்ஷன் வேண்டாம், கட் பண்ணிருன்னு போன் பண்ணுவான்மா. அவனக் கட் பண்ணவுடாமப் பேசி இருக்க வைக்கணும். அதுக்குப் பேரு ரிடென்ஷன்."

"அவன் வேண்டாம்னுதானலே போன் பண்ணுதான்?"

"ஆமா."

"பொறவு நீ எதுக்குப் புடிச்சு இழுக்க?"

"அதுக்குத்தாம்மா சம்பளம்."

வந்த நாளிலிருந்து பகலில் தூங்கவும் முடியாமல், விழித்திருக்கவும் பிடிக்காமல், முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தான். கடிதத்தைப் படித்த அன்று எழுந்து உட்கார்ந்தான்.

"நம்ம சபையில ஆளு வராம இல்லம்மா. வந்தவங்க நிக்கல. அதான் பிரச்சனை. புதுசா ஒருத்தர் வந்தா நீங்க என்ன செய்யுதீங்க?"

"ஸ்தோத்திரம் சொல்லுவோம். டீ குடுப்போம்."

"மறுநாள்?"

"மறுநாள் என்ன, அவுக சோலிய அவுக பாப்பாக."

"அங்கதாம்மா ஆளு கைய விட்டுப் போகுது."

லேப்டாப்பில் ஓர் அட்டவணை போட்டான். புதிதாக வருகிறவர் கையில் ஓர் அட்டையைக் கொடுத்துப் பெயரும் எண்ணும் வாங்கினான். மறுநாள் ஒரு போன். மூன்றாம் நாள் ஒரு மெசேஜ். பிறந்த நாளுக்கு வாழ்த்து. தவறாமல் வருகிறவர் பச்சை, ஒரு வாரம் விட்டால் மஞ்சள், மூன்று வாரம் விட்டால் சிவப்பு. சிவப்பானவருக்கு ஒரு மெசேஜ் தானாகவே போகும். அதை அவன் நான்கைந்து விதமாக எழுதி, யார் யார் பதில் போடுகிறார்கள் என்று இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தான்.

"வசனம் போட்டு அனுப்பினா ஒருத்தரும் பதில் போடல," என்று தகப்பனிடம் சொன்னான். "சபை பேரு இருந்தா விளம்பரம்னு தள்ளிருதாங்கப்பா. ஒரு மனுசன் பேரு இருக்கணும். ஒருத்தர் நம்மள நெனச்சுக்கிட்டு இருக்காருன்னு தோணணும்."

"வசனம் இல்லாமலா?" என்றார் ஞானாபரணம்.

"அவங்க வந்த பொறவு நீங்க வசனம் சொல்லுங்க. இப்ப வரவைக்கணும்லா. நூறு ஆட்டுல ஒண்ணு காணாமப் போனா தேடிப் போனாருன்னு நீங்கதானப்பா வருசத்துக்கு நாலு மட்டம் பிரசங்கம் பண்ணுதீங்க. அதுதான் இது."

ஞானாபரணம் யோசித்தார். "அவரு நடந்துலாடே போனாரு," என்றார். அதோடு விட்டுவிட்டார்.

பலன் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. கொத்தனார் சுடலைக்கண்ணு ஞானஸ்நானம் எடுத்த வருஷமே மறுபடி குடிக்க ஆரம்பித்து, ஏழு வருஷமாகச் சபைப் பக்கம் தலைகாட்டாதவர். பிறந்த நாள் வாழ்த்து வந்த ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டையோடு படியேறி வந்து நின்றார்.

"பாஸ்டரம்மா, எம் பொறந்த நாளு எனக்கே தெரியாது. ஆதார் அட்டையில போட்டுருந்ததத் தம்பி கண்டுபுடிச்சு அனுப்பியிருக்கான். என்னைப் பெத்தவ இருந்தாக்கூட இதச் செய்யமாட்டா. கேக்கு எதுவும் உண்டுமா?"

"கேக்கு இல்ல, சுண்டல் இருக்கு. உக்காரும்."

உட்கார்ந்தார். அடுத்த வாரமும் வந்தார். லாட்ஜில் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் மூன்று மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு சீசன் நடுவில் வந்தார்கள். அங்கத்தினர் எண்ணிக்கை முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறாகி, ஜூன் கடைசியில் முப்பத்தொன்பதில் நின்றது. செல்வின் சவரம் செய்துகொண்டான். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான். பிள்ளை முகம் தெளிந்ததைப் பார்த்து ஜெபக்கனிக்கு அட்டவணையின் மேலேயே பிரியம் வந்தது.

"இன்னும் ஒண்ணும்மா," என்றான். "ஒரே ஒரு பேரு. பேரும் போன் நம்பரும். பழைய ஆளு யாராச்சும் விட்டுப்போயிருக்கான்னு யோசிச்சுப் பாருங்க."

அவள் நெத்திலிக் கருவாட்டுத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சபையில் சில பேரை அவள் நிக்கொதேமு என்று சொல்வாள். இருட்டிய பிறகு யாருக்கும் தெரியாமல் இயேசுவைப் பார்க்க வந்த வேதாகமத்து ஆள் பெயர். வீட்டுக்குத் தெரியாமல் ஜெபத்துக்கு வருகிற பெண்களுக்கு அவள் வைத்தது. அவர்கள் பெயரை எந்த நோட்டிலும் எழுதமாட்டாள். கடைத்தெருவில் எதிரே வந்தால் ஸ்தோத்திரம் சொல்லமாட்டாள். தெரியாதவள் மாதிரி விலகிப் போய்விடுவாள். அவர்களும் அப்படித்தான். அதற்கு யாரும் சட்டம் போடவில்லை. இங்கே அப்படித்தான் பழக்கம்.

முத்துலட்சுமி அப்படி ஒருத்தி. குற்றாலத்தில் சிப்ஸ் கடையில் காய் சீவுகிறவள். புருஷன் இசக்கியப்பன் மெயின் அருவியில் எண்ணெய் மசாஜ் செய்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்கு ஜெபம் பண்ணப் போன ஜெபக்கனியைக் கூப்பிட்டு, "எம் பிள்ளைக்கும் ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றாள். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து, சீசன் இல்லாத மாதங்களில் ஞாயிறுதோறும் வருவாள். கடையில் அப்போது மதியத்துக்கு மேல்தான் வேலை. வீட்டில் காலையிலிருந்தே வேலை என்று சொல்லியிருந்தாள். கடைசி நாற்காலியில், கதவுக்குப் பின்னால் உட்காருவாள். பாடமாட்டாள். உதடு மட்டும் அசையும். கட்டைவிரலில் வாழைக்காய்க் கறை கறுத்துக் கிடக்கும். சாரல் விழுந்தால் காலை ஆறு மணிக்கே உண்மையாகக் கடைக்குப் போய்விடுவாள். ஆவணி வரை வரமாட்டாள்.

பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் கண்டபோது ஒருமுறை புருஷன் போனிலிருந்து கூப்பிட்டிருந்தாள். "யம்மா, இது அவிய நம்பரு. ஜெபம் பண்ணிக்கிடுங்க. திருப்பி அடிச்சிராதீங்க." அந்த எண் ஜெபக்கனியின் போனில் பெயரில்லாமல் கிடந்தது.

"ஒருத்தி இருக்கா," என்றாள். "ஆனா அந்த நம்பருக்குப் போன் பண்ணப்படாது. வீட்டுக்காரன் கையில இருக்கும். வீட்டுல தெரியாதுலே."

"நான் எதுக்கும்மா பண்ணப் போறேன்? லிஸ்டுக்கு ஒரு பேரு. அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"இங்க பாருங்க, குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குல்லா. 'போன் செய்ய வேண்டாம்'னு போட்டாச்சு."

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தாள். போட்டிருந்தது. நாற்பதாவது வரிசையில் முத்துலட்சுமி, பக்கத்தில் அவள் புருஷன் எண். செல்வின் அன்றைக்கே பட்டியலைத் திருநெல்வேலிக்கு அனுப்பினான். ஞானாபரணத்துக்கு யார் அந்த நாற்பதாவது ஆள் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்று இரண்டு வாளைமீன் கூடுதலாக வாங்கிக் குழம்பு வைத்தாள்.

ஜூலை மூன்றாம் ஞாயிறு. ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாலையில் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு ஆள் படியேறி வந்தான். கைலியும் ஈரப் பனியனும். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அவன் வருவதற்கு முன்னால் நல்லெண்ணெய் வாசம் வந்தது. இசக்கியப்பனை ஜெபக்கனி அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஐயா, செல்வின்ங்கது யாரு?" என்றான் ஞானாபரணத்தைப் பார்த்து. குரலில் சூடு இல்லை.

"என் மகன்தான். என்ன விஷயம்ப்பா?"

அவன் போனை நீட்டினான். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அதன் திரை மங்கிப் போயிருந்தது. ஞானாபரணம் எழுத்துக் கூட்டுகிறவர் போல வாசித்தார். "அன்புள்ள முத்துலட்சுமி. மூணு ஞாயிறாக உங்களைக் காணவில்லை. நீங்கள் இல்லாமல் என்னவோ போல் இருக்கிறது. உங்கள் இடம் காலியாகவே இருக்கிறது. எதுவானாலும் என்னிடம் பேசலாம். செல்வின்."

செல்வின் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான்.

"நேத்து சாயந்தரம் வந்துச்சு," என்றான் இசக்கியப்பன். "பேருக்குப் பக்கத்துல இருந்த போட்டோவ ஆட்டோ ஸ்டாண்டுல காமிச்சேன். டைல்ஸ் கடை மாடி பாஸ்டர் மகன்லான்னானுவ. அவகிட்ட இன்னும் கேக்கல. அங்க கேட்டா கை நீண்டுரும். முதல்ல இங்கன கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

"அண்ணாச்சி, அது கம்ப்யூட்டர் அனுப்புறது," என்றான் செல்வின். "எல்லாத்துக்கும் போகும். நான் உங்க வீட்டுக்காரங்களப் பாத்ததுகூடக் கிடையாது."

"பாத்ததே கிடையாது. ஆனா அவ இல்லாம என்னவோபோல இருக்கு."

"அது ஒரு... அப்படித்தான் எழுதுவோம் அண்ணாச்சி. நீங்க நெனைக்க மாதிரி இல்ல."

"நான் என்ன நெனைக்கேன்னு உனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

செல்வின் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். மூன்று வருஷம், வேண்டாம் என்றவர்களையெல்லாம் பேசியே நிறுத்தி வைத்தவன்.

இசக்கியப்பன் ஜெபக்கனியின் பக்கம் திரும்பினான். "யம்மா, நீங்க பெரியவங்க. நேராவே கேக்கேன். அவ இங்கன ஜெபத்துக்கு வாறாளா, இல்ல இந்தப் பையனத் தனியாப் பாக்காளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணும் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. பேரு போட்டு வந்துருக்கு."

இரண்டு வருஷம் ஜெபக்கனி காத்ததைச் சொன்னால்தான் முத்துலட்சுமி மேல் விழுந்த மற்றப் பழி போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் அதை வீட்டுக்குக் கொண்டுபோவான். ஞானாபரணம் மனைவியைப் பார்த்தார். நாற்பதாவது பெயர் யாருடையது என்று அவருக்கு இப்போதுதான் பிடிபட்டது.

"எப்பவாச்சும் வருவா. எங்கூட ஜெபம் பண்ணிட்டுப் போவா. உம் பிள்ளைக்காகத்தான்ப்பா," என்றாள்.

"எப்பவாச்சும் வாறவ மூணு வாரம் வரலன்னு யாரும்மா எண்ணப் போறா?"

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அடுக்கில் சேர்த்தாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

அவன் அடுக்கிய நாற்காலிகளின் மேல் கையை வைத்துக்கொண்டான். கீழே ஒரு வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

"கடைக்குப் போறேன்னு சொல்லுவா," என்றான். "வெள்ளன எந்திரிச்சு சோறாக்கி, எனக்கு டப்பா கட்டிக் குடுத்துட்டு, நானும் கடைக்குப் போறேன்னு சொல்லுவா. ஞாயித்துக்கிழமைகூட ஒரு லீவு கிடையாதான்னு நான் அந்தக் கடைக்காரன ஏசுவேன். அவளும் சேந்து ஏசுவா." நாற்காலியிலிருந்து கையை எடுத்தான். "சாமி கும்புடுததுக்கா பொய் சொன்னா?"

"நீ வேண்டாம்னு சொல்லிருவன்னு பயந்தாப்பா."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். எங்க வீட்டுல சாஸ்தா இருக்காரு, எங்கம்மை இருக்கா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். சண்ட போட்டிருப்போம். அது புருசன் பொண்டாட்டி சண்ட. இது என்னதும்மா?"

ஞானாபரணம் முன்னால் வந்தார். "தம்பி, உக்காரு. ஒரு வாய் டீ..."

"வேண்டாம் ஐயா. கை எண்ணெய்." போனைக் கைலியில் துடைத்து மறுபடி பார்த்தான். "சரி, ரெண்டு வருசமா இங்க வந்தா. மூணு வாரமா இங்கயும் வரலன்னுதான இதுல போட்டுருக்கு. அப்ப மூணு வாரமா எங்க போனா?"

"கடைக்குத்தான்ப்பா," என்றாள் ஜெபக்கனி. குரல் அவளையறியாமல் உயர்ந்தது. "சீசன்லா. சீசன்ல அவ வரவே மாட்டா. நெசமாவே கடைக்குத்தான் போறா. நீ போயிக் கேட்டுப் பாரு."

"இருக்கும்," என்றான். "நீங்க சொல்லுதது உண்மையாத்தான் இருக்கும். நான் இனிமே அத எத வச்சும்மா நம்ப?"

அவன் இறங்கிப் போன பிறகும் எண்ணெய் வாசம் கூடத்தில் நின்றது. அடுக்கின் மேல் நாற்காலியில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. செல்வின் லேப்டாப்பைத் திறந்து, குறிப்புக் கட்டத்தைக் காட்டினான். "பாருங்கம்மா, போன் செய்ய வேண்டாம்னு இருக்கு. நான் பண்ணலம்மா. இந்தக் கட்டத்தக் கம்ப்யூட்டர் வாசிக்காது. நான் அத யோசிக்கல."

"சீசன்ல யாரும் வரமாட்டாங்கன்னு அதுக்குச் சொன்னியாலே?"

"இல்லம்மா."

"நானும் சொல்லல," என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் டவுன் பஸ் ஏறிக் குற்றாலத்துக்குப் போனாள். சாரலில் தலை நனைந்த கூட்டம் தோளை இடித்துக்கொண்டு போயிற்று. சிப்ஸ் கடை வாசலில் தேங்காய் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு பெண்கள் காய் சீவினார்கள். முத்துலட்சுமி இல்லை. கால் கிலோ சிப்ஸ் கேட்டுவிட்டு, பொட்டலம் கட்டிய பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள். உள்ளிருந்தவர்கள் கூப்பிட்டதில் வடகரை அலிமா அவள் என்று தெரிந்தது. முத்துலட்சுமி வாயிலிருந்து ஜெபக்கனி அந்தப் பெயரைக் கேட்டிருந்தாள்.

"நீங்க யாரு?" என்றாள் அலிமா.

"தெரிஞ்சவுக."

அலிமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பொட்டில்லாத நெற்றியையும் கம்மல் இல்லாத காதையும் பார்த்தாள். "நீங்கதானா அது," என்றாள். "ஞாயித்துக்கிழமையோட சரி. வீட்டுக்காரரு வந்து அவ கத்தியையும் சோத்து டப்பாவையும் எடுத்துட்டுப் போயிட்டாரு. மூணு வாரமும் விடிய வந்து பொழுதடையப் போனா, எம் பக்கத்துலதான் இருந்தான்னு அல்லா மேல ஆணையா சொன்னேன். அந்த ஆளு சிரிக்காரு. 'நீயும் அவகூடச் சேந்தவதானட்டி'ங்காரு. நான் என்ன செய்ய?"

"அடிச்சானா?"

"அடிச்சா நாலு பேரு கேக்கலாம். பேசமாட்டேங்காராம். ஒரு வார்த்தை இல்லையாம்." பொட்டலத்தை நீட்டினாள். "யக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. இனிமே இங்கன வராதீங்க."

வரும் வழியில் பஸ்ஸில் சிப்ஸ் பொட்டலம் மடியில் சூடாக இருந்தது. அவள் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "திருநெல்வேலிக்குப் போன் போடுலே," என்றாள். "அந்தப் பேர எடுக்கச் சொல்லிருவோம். முப்பத்தொன்பதுன்னு சொல்லிருவோம்."

செல்வின் தகப்பனைப் பார்த்தான். ஞானாபரணம் வேதப் புத்தகத்தை மூடிவிட்டு, "போடு," என்றார். "செங்கோட்டை ஒண்ணும் தூரமில்ல."

செல்வின் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தான். எடுத்தது ஒரு இளம்பெண். நல்ல கனிவான குரல். "பிரைஸ் த லார்ட்மா. சொல்லுங்க, நான் எப்படி உதவலாம்?"

ஜெபக்கனி கிளையின் பெயரைச் சொன்னாள். பட்டியலில் நாற்பதாவது பெயரை எடுக்க வேண்டும் என்றாள்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்கம்மா." விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. "முத்துலட்சுமி. ஆமாம்மா. உங்க லிஸ்டுல எல்லாருக்கும் ஆசீர்வாத போன் கால் போட்டு முடிச்சாச்சும்மா. நேத்தே."

"எல்லாருக்குமா?"

"ஆமாம்மா. வெரிஃபிகேஷனுக்காகப் பண்றதுதான். இந்த நம்பர ஒரு ஜென்ட்ஸ் எடுத்திருக்காங்க. முத்துலட்சுமி சிஸ்டர்கிட்டப் பேசலாமான்னு கேட்டிருக்கோம்." அந்தப் பெண் வாசித்தாள். "'இங்கன அப்படி யாரும் இல்ல, காலையிலயே பிள்ளையோட அவ அம்மை வீட்டுக்குப் போயாச்சு, இனி வரமாட்டா.' அப்படின்னு சொல்லிக் கட் பண்ணிருக்காங்க. அதனால அந்தப் பேர நாங்களே எடுத்துட்டோம்மா. உங்களுக்கு இப்ப முப்பத்தொன்பதுதான் வருது. அது சம்பந்தமா ஆபீஸ்லருந்து தனியா லெட்டர் வரும்."

தகரத்தில் மழை சடசடவென்று இறங்கியது.

"வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?"

"இல்லம்மா."

"நன்றிம்மா. இன்னைக்கு நான் பேசுன விதம் உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சாம்மா?"

மூன்று வருஷம் ஒவ்வொரு போனையும் இதே கேள்வியோடு முடித்தவன் செல்வின். அவன் கையை நீட்டி இணைப்பைத் துண்டிக்கப் போனான். ஜெபக்கனி போனை நகர்த்திக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை பதிலுக்காகக் காத்திருந்தது.

"இருந்துச்சும்மா," என்றாள்.